கழற்றக் கூடாத பெட்டி

மணி ஒன்று பத்து. நான்கு மணிக்கு விசாரணைக் குழு அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறது. போட்டதும் கைது செய்வதற்குத் தோதாக, ஆஸ்பத்திரி அறை வாசலில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே கட்டிலில் கிடந்த ஆசாமிக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஓடிவிடுவார் என்று பயம் போல.

எங்களிடம் இருந்தது ஒரு ஜெராக்ஸ் தாளும், மூன்று மணி நேரத்துக்கும் குறைவான அவகாசமும்தான். எங்களிடம் என்றால் ஸ்டெனோ அம்மாவும் நானும். கோர்ட்டில் இருபத்திரண்டு வருடம் சாட்சிகள் சொன்னதையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுத்து எடுத்து, யார் எந்தச் சொல்லை விழுங்குகிறார்கள் என்று காதாலேயே கண்டுபிடிக்கப் பழகியவர் அவர். ஓய்வு பெற்ற மறுமாதமே துப்பறியும் ஆபீஸ் போட்டார். உதவியாளன் நான். என்னை எல்லோரும் ஓட்டைவாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ரகசியம் காக்கிற ஆபீசில் இப்படி ஒரு பெயருள்ளவனை யாராவது சேர்ப்பார்களா என்று கேட்காதீர்கள், அவர் சேர்த்தார். "உன்னை நிறுத்தறதுக்காகவாவது மத்தவங்க வாயைத் திறப்பாங்க" என்பது அவர் சொன்ன காரணம்.

கட்டிலில் கிடந்தவர் ரயில் டிரைவர். எட்டு நாளைக்கு முன்னால் காலை மூடுபனியில் அவர் ஓட்டிவந்த பயணிகள் ரயில், சிவப்பு சிக்னலில் நிற்காமல் போய், அதன் அடியிலேயே நின்றிருந்த சரக்கு ரயிலின் வாலில் மோதியது. நான்கு பேர் இறந்தார்கள். அந்த எஞ்சினில் புத்தம் புதிய தானியங்கி பிரேக் மெஷின் இருந்தது. டிரைவர் தூங்கினாலும் மெஷின் தூங்காது, சிவப்பைக் கண்டால் தானே பிரேக் போடும் என்று பத்திரிகையில் படத்தோடு வந்திருந்தது. மெஷின் தூங்காதென்றால் தப்பு மனிதன்மேல்தானே விழும். அறிக்கையின் சாரம் ஒரே வரி: மெஷின் போட்ட பிரேக்கை டிரைவர் பொத்தானை அழுத்தி விடுவித்திருக்கிறார்.

"நான் பொத்தானைத் தொடவே இல்ல" என்றார் டிரைவர். எட்டு நாளாக இதையே சொல்லிச் சொல்லி அவர் குரலே தேய்ந்துபோயிருந்தது.

பக்கத்தில் அவர் மனைவி. தையல்காரி. காலையில் எங்கள் ஆபீசுக்கு வந்தபோது ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியைக்கூட எடுக்க மறந்திருந்தாள். பத்து வக்கீல்கள் கையை விரித்த பிறகு எங்களிடம் வந்தவள்.

"நினைச்சதை விடுங்க" என்றார் ஸ்டெனோ அம்மா, பென்சிலை எடுத்து. "கண்ணால பாத்ததை மட்டும் சொல்லுங்க."

"சிக்னல் இன்னும் எவ்வளவு தூரம்னு மெஷின்ல எண் ஓடும்மா. தொள்ளாயிரம் மீட்டர், எண்ணூறு, எழுநூறுன்னு குறைஞ்சு வந்துச்சு. மெஷினே பிரேக் போட்டுது. ஐநூத்தி இருபது வந்ததும் டக்குனு மறுபடி தொள்ளாயிரம் காட்டுச்சு. பிரேக்கும் தானா விட்டுடுச்சு."

"கிட்டப் போகப் போக தூரம் கூடுச்சா?" என்றேன். "எனக்குப் பொண்ணு பாக்கற கதை மாதிரியில்ல இருக்கு."

"குழுவிலயும் இப்படித்தான் சிரிச்சாங்க" என்றார் அவர். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்ப நீங்களே ஏன் பிரேக் போடல?" என்றார் ஸ்டெனோ அம்மா.

டிரைவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ரெண்டு மாசத்துல எனக்கு ரெண்டு மெமோம்மா. மெஷின் போகச் சொல்றப்ப நீ எதுக்குப் பிரேக் போட்டே, வண்டி ஏன் லேட்டுன்னு. மூணாவது வாங்கினா எஞ்சினை விட்டு இறக்கிடுவோம்னாங்க. அன்னிக்குப் பனியில எனக்கு ஒண்ணும் தெரியல. மெஷினுக்குத் தெரியும்னு நினைச்சேன். பத்து செகண்ட் நம்பினேன். அந்தப் பத்து செகண்டை இப்பவும் எண்ணிக்கிட்டே இருக்கேன்."

தையல்காரி அவர் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

ஸ்டெனோ அம்மா ஜெராக்ஸை விரித்தார். மெஷினில் பதிவாகியிருந்த விவரங்களின் நகல். கடைசி வரியில் விரலை வைத்தார். "வண்டி நின்ற இடம், சிக்னலுக்கு 380 மீட்டர் முன்னால். இதுக்குப் பக்கத்துல குழு எழுதியிருக்கு: மோதிய அதிர்ச்சியில் எண் பிழையாகியுள்ளது. ஓட்டைவாய், தொள்ளாயிரத்துல ஐநூத்தி இருபது போனா?"

"முன்னூத்தி எண்பது."

"இந்தத் தாள்ல?"

"முன்னூத்தி எண்..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"அதிர்ச்சியில உளர்றவங்க இவ்வளவு கணக்கா உளற மாட்டாங்க. இந்தச் சாட்சி பொய் சொல்லல. தப்பான இடத்துல நின்னுக்கிட்டு உண்மையைச் சொல்லுது. வண்டி நிஜமா நின்னது சிக்னலடியில, மெஷின் கணக்குல முன்னூத்தி எண்பது மீட்டர் பின்னால." டிரைவரிடம் திரும்பினார். "தான் எங்க இருக்கோம்னு மெஷினுக்கு யார் சொல்றாங்க?"

"மஞ்சள் பெட்டிங்க. தண்டவாளத்துக்கு நடுவுல, அதைத் தாங்கற கான்கிரீட் கட்டைமேல சோப்புப் பெட்டி அளவுல இருக்கும். எஞ்சின் மேல போறப்ப, நான் இத்தனாவது நம்பர்னு சொல்லும். அதை வச்சு மெஷின் இடத்தைத் தெரிஞ்சுக்கும். பெட்டி சொன்னா மெஷினுக்கு அதுதான் வேதவாக்கு. தொள்ளாயிரத்துல இருக்கறது அறுபத்தொண்ணாம் நம்பர்."

"அறுபத்தொண்ணு அங்கதான் இருக்கான்னு யாராவது போய்ப் பாத்தாங்களா?"

"வரைபடத்துல பாத்தாங்க. இருந்துச்சு."

"வரைபடத்துல நானும்தான் ஒல்லி" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

தையல்காரி எழுந்துவிட்டாள். காலையிலிருந்து முதல்முறையாக அவள் முகத்தில் ரத்தம் ஓடியது. "அந்தப் பாதை முழுக்கத் தண்டவாளத்தைப் பாத்துக்கறது எங்க அண்ணன் கேங்தாம்மா. அவர்தான் மேஸ்திரி. இப்பவே வரச் சொல்றேன்."

காரை நான் ஓட்டினேன். வழியெல்லாம் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். நாலு மணிக்கு மேல் ஆகிவிட்டால் என்ன ஆகும்? கையெழுத்து விழுந்த அறிக்கையைத் திருத்துவதற்குள் அவள் கணவர் பாதி ஆயுளை ஜெயிலில் கழித்துவிடுவார் என்பதை ஸ்டெனோ அம்மா பூசி மெழுகாமல் சொன்னார். அதற்குப் பிறகு நான் ஆக்சிலேட்டரை விட்டுக் காலை எடுக்கவில்லை.

மேஸ்திரி தண்டவாளத்தின் ஓரத்திலேயே காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் வெளுத்த ஆரஞ்சுச் சட்டை, இடுப்பில் சுருட்டிச் செருகிய சிவப்புக் கொடி. பின்னால் அவர் கேங் ஆட்கள் பதினொரு பேர். அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்த்து, இந்த டிரைவரைத் தேடிப் பிடித்துக் கட்டிவைத்தவரும் அவர்தான்.

"மாப்பிள்ளை பொத்தானை அழுத்தியிருக்க மாட்டாரும்மா" என்றார் எடுத்த எடுப்பில். "அவரை விட்டா என் தங்கச்சிக்கு யாரும் இல்ல. எங்க வேணா வந்து சொல்றேன். எங்கள யாரும் கூப்பிட்டுக் கேக்கவே இல்ல."

"முதல்ல அறுபத்தொண்ணைக் காட்டுங்க."

வரைபடம் சொன்ன இடத்தில் அறுபத்தொன்று இல்லை. விரிசல் விட்ட பழைய கட்டை ஒன்றுதான் ஜல்லிக்கு நடுவே கிடந்தது. தையல்காரி அதைப் பார்த்துக்கொண்டே நெஞ்சில் கையை வைத்தாள். சிக்னலை நோக்கி நடக்க ஆரம்பித்தோம். ஓரத்தில் நின்ற மின்கம்பங்களை ஸ்டெனோ அம்மா எண்ணிக்கொண்டே வந்தார். கம்பத்துக்குக் கம்பம் ஐம்பது சொச்சம் மீட்டர். ஏழு கம்பம் தாண்டியதும், இரண்டு தண்டவாளம் சேரும் மூட்டுக்கு அடியில், நல்ல கட்டை ஒன்றின்மேல் மஞ்சள் பெட்டி உட்கார்ந்திருந்தது. எண் அறுபத்தொன்று.

"முன்னூத்தி எண்பது" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போலிருந்தது.

"அவர் சொன்னது நிஜம்" என்றாள் தையல்காரி. திரும்பி அண்ணன் தோளில் முகத்தை வைத்து அழுதாள். "நிஜம் அண்ணே. நிஜம்."

ஸ்டெனோ அம்மா குனிந்து பெட்டியைப் பார்த்தார். நான்கு திருகாணிகள். நான்கின் தலையிலும் பெட்டியை ஒட்டிய கம்பெனி வைத்த சிவப்பு அரக்கு முத்திரை. ஒன்றில்கூட ஒரு கீறல் இல்லை.

"பூட்டை உடைக்காம பெட்டி நடந்திருக்கு" என்றேன். "முன்னூத்தி எண்பது மீட்டர். அதுவும் தண்டவாளத்திலேயே. டிக்கெட் எடுத்துச்சான்னு கேக்கணும்."

"இதை யாரும் கழட்டியிருக்க முடியாதும்மா" என்றார் மேஸ்திரி, தங்கையின் முதுகைத் தடவியபடி. "எங்க சாமான் ரூம்ல ஆர்டரே ஒட்டியிருக்கு. 'பெட்டியைக் கட்டையிலிருந்து கழற்றக் கூடாது. மீறினால் வேலைநீக்கம்.' தினமும் காலையில பசங்களுக்கு அதை நானே படிச்சுக் காட்டுவேன். இந்த ஒரு வருஷத்துல என் ஆளுங்க ஒரு பெட்டியைக்கூடக் கழட்டினதில்ல."

ஸ்டெனோ அம்மாவின் பென்சில் நின்றது. எனக்கு அந்த நிற்றல் தெரியும். யாரோ ஒரு சொல்லைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

"பெட்டியைக் கழட்டல" என்றார் மெதுவாக.

"சத்தியமா."

"கட்டையை?"

"கட்டையை மாத்துவோம். அதுதானே எங்க பொழப்பு." மேஸ்திரி சாதாரணமாகத்தான் சொன்னார். "மூட்டுக்கு அடியில இருக்கற கட்டைதாம்மா சீக்கிரம் உடையும். வண்டி அங்கதான் குதிக்கும். புதுக் கட்டை கேட்டு எழுதிப்போட்டு ஒன்றரை வருஷமாச்சு, வரல. அதனால நடுவுல எங்கயாவது நல்ல கட்டையாப் பாத்து எடுத்து மூட்டுக்குக் கீழ போடுவோம். உடைஞ்சதைக் கொண்டுபோய் அது இருந்த இடத்துல வைப்போம். பெட்டி ஒட்ட வந்தவங்க விரிசல் இல்லாத கட்டையாப் பாத்துப் பாத்துத்தான் ஒட்டினாங்க. அதனால இந்த மஞ்சள் பெட்டி இருந்தா கட்டை நல்லா இருக்கும்னு பசங்களுக்கு ஒரு அடையாளம். எட்டுப் பேர் புடிச்சு, ட்ராலியில வச்சு, பெட்டிமேல ஒரு சின்ன அடிகூடப் படாம அப்படியே கட்டையோட..."

தையல்காரி தலையை நிமிர்த்தினாள். அவளுக்குத்தான் முதலில் புரிந்தது.

அண்ணனுக்கு ஒரு நொடி கழித்துப் புரிந்தது. பெட்டியைப் பார்த்தார், ஏழு கம்பத்துக்கு அப்பால் பார்த்தார், சிக்னலைப் பார்த்தார்.

"அது எதுக்குன்னு யாரும் சொல்லலையேம்மா" என்றார். "கழட்டாதேன்னுதானே சொன்னாங்க. பத்திரமாப் பாத்துக்கிட்டோமே." ஜல்லியில் உட்கார்ந்துவிட்டார். "நாலு பேரு. ஐயோ. அந்த நாலு பேரும்..."

கேங் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. காலையிலிருந்து யாரோ ஒரு அயோக்கியனைப் பிடிக்கத்தான் நான் காரை விரட்டிக்கொண்டிருந்தேன். பிடித்தது இவரை.

"பெட்டி போட்ட கம்பெனி சோதிக்க வரலையா?" என்றேன், வேறு யார் தலையிலாவது கட்ட முடியுமா என்ற ஆசையில்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை வருவாங்க. எண்ணிப் பாப்பாங்க. அறுபத்தெட்டு. எப்பவும் சரியா இருக்கும்."

"எத்தனை கட்டையை மாத்தினீங்க மேஸ்திரி?" என்று கேட்டார் ஸ்டெனோ அம்மா.

ஒன்று என்று சொல்லிவிடுங்களேன் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"பதினாலு."

நேற்றுதான் இந்தப் பாதையைத் திரும்பத் திறந்திருந்தார்கள். அடுத்த பயணிகள் ரயில் மூன்று பத்துக்கு. அதன் எஞ்சினிலும் அதே மெஷின், அதே வேதவாக்கு. மணி இரண்டு ஐம்பத்தைந்து. நான் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். யார் பேசுகிறீர்கள் என்றார்கள், என்ன பதவி என்றார்கள், புகாரை எழுத்துமூலம் கொடுங்கள் என்றார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் வாய்விட்டுக் கெஞ்சினேன். அவர்கள் லைனைத் துண்டித்தார்கள்.

மேஸ்திரி எழுந்தார். இடுப்பிலிருந்து சிவப்புக் கொடியை உருவினார்.

தையல்காரி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, வேணாம். கொடி காட்டினா ஏன்னு கேப்பாங்க. நீ சொல்லிடுவே. உனக்குப் பொய் வராது."

"விடும்மா."

"எனக்கு அவரும் வேணும், நீயும் வேணும். ரெண்டு பேர்ல யாருன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல அண்ணே. நான் இதுக்காக இவங்களைக் கூட்டிட்டு வரல."

தண்டவாளம் லேசாக அதிர ஆரம்பித்திருந்தது. மேஸ்திரி குனிந்து அதில் கையை வைத்துப் பார்த்தார். "அந்த எஞ்சின்லயும் யார் வீட்டு மாப்பிள்ளையோ உக்காந்திருக்கான். மெஷினை நம்பிக்கிட்டு வரான்" என்றார். அவள் கை தானாகத் தளர்ந்தது. அவர் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே போய்க் கொடியை விரித்துக்கொண்டு நடந்தார். கேங் ஆட்களும் பின்னாலேயே ஓடினார்கள்.

ரயில் முனகிக்கொண்டே வந்து, அவருக்கு முப்பது அடி முன்னால் நின்றது. அதன் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "என்ன மேஸ்திரி? மெஷின்ல எல்லாம் சரியாத்தானே காட்டுது."

"மெஷினை அணைச்சுட்டுக் கண்ணால பாத்து ஓட்டுப்பா. மெதுவா. நானும் எஞ்சின்ல ஏறி வரேன், எந்தெந்த இடம்னு காட்டறேன்."

"அணைக்கணும்னா காரணம் எழுத்துல வேணும். இல்லன்னா எனக்கு மெமோ குடுப்பாங்க."

எல்லோரும் ஸ்டெனோ அம்மாவைப் பார்த்தோம். அவர் நோட்டைப் பிரித்து, கார்பன் தாளை வைத்து, எல்லோரும் படிக்கிற எழுத்தில் எழுத ஆரம்பித்தார். முதலில் சாமான் அறையில் ஒட்டியிருக்கும் உத்தரவு, ஒரு சொல் மாறாமல். "இதை எழுதினவங்க யாருன்னும் குழு கேட்கட்டும்" என்றார். பிறகு மேஸ்திரி சொல்லச் சொல்ல, பதினான்கு இடங்கள். ஒவ்வொரு கம்ப எண்ணும் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. கடைசியில், "பசங்க பேரு வேணாம்மா. மாத்தச் சொன்னது நான்தான். அதையே எழுதிக்குங்க" என்றார்.

"அம்மா" என்றாள் தையல்காரி. "அண்ணன் பேரு இல்லாம எழுத முடியாதா?"

"முடியும். பேரில்லாத காகிதத்தை மொட்டைக் கடுதாசின்னு தூக்கிப் போட்டுடுவாங்க. அறிக்கையில உங்க வீட்டுக்காரர் பேரு மட்டும் மிச்சம் இருக்கும்."

மேஸ்திரி கையெழுத்துப் போட்டார். எழுத்து எழுத்தாக, அழுத்தி.

"சாட்சி ஒருத்தர் வேணும்" என்றார் ஸ்டெனோ அம்மா, யார் முகத்தையும் பார்க்காமல். "சொன்னதை முழுசாக் கேட்டவங்களா இருக்கணும். நாங்க கேஸ் எடுத்தவங்க, எங்க கையெழுத்து எடுபடாது. கேங் ஆளுங்களும் கூடாது."

எஞ்சின் இரைச்சலில் டிரைவருக்குப் பாதிகூடக் கேட்டிருக்காது. மிச்சம் இருந்தது ஒரே ஆள்தான். பேனா அவள் கைக்கு எப்படிப் போனதென்று நான் பார்க்கவில்லை. தாளின் ஓரத்தில் முனையை வைத்தவள் அங்கேயே நின்றாள்.

"முதல் எழுத்து எதைப் போடறது?" என்று கேட்டாள். "வீட்டுக்காரர் எழுத்தா, அப்பா எழுத்தா?"

அப்பா எழுத்து என்றால் மேலே அண்ணன் போட்டிருக்கிற அதே எழுத்து. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அவள் அப்பாவின் எழுத்தைப் போட்டாள். அதை ஒட்டிக் கணவரின் எழுத்தைப் போட்டாள். அப்புறம் தன் பெயரை எழுதினாள்.

மேஸ்திரி ஒரு நகலோடு எஞ்சினில் ஏறினார். ரயில் நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. நாங்கள் குழுவின் ஆபீசுக்குப் போகக் காருக்கு ஓடினோம். மணி மூன்று இருபத்தைந்து. பின்சீட்டில் அவள் மற்ற நகலை மடிக்காமல் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"நாலு மணிக்குள்ள குடுத்துட்டா அவரை விட்டுடுவாங்களாம்மா?"

"விட்டாகணும்."

அவள் தாளின் ஓரத்தை விரலால் நீவிவிட்டாள்.

"அண்ணனை எத்தனை மணிக்குப் பிடிக்க வருவாங்க? காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல அவர். அதுக்கு முன்னாடி ஏதாவது வாங்கிக் குடுத்துடணும்."

ஸ்டெனோ அம்மா என் தோளைத் தட்டி, இன்னும் வேகமாகப் போகச் சொன்னார்.